சுட்டி விலக மறையும் பூக்கள்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். தலைவியும் தோழியும் தாம் பறித்த மலர்களை மழை கழுவிய அகன்ற பாறையில் குவித்தனர் என்கிறது அப்பாட்டு. அப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர் கேட்பது ஒன்றே: "ஐயா, இவற்றில் எத்தனை பூவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?" விடை சொல்ல நாணித்தான், 2006இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது மாணவர் சிலருடன் நாம் மலையேறினோம்.

குறிஞ்சியைப் படமெடுத்தோம். பழனி மலையின் தாழ்ந்த சரிவுகளிலிருந்து காந்தளும் வேங்கையும் பின்னர் வந்து சேர்ந்தன. மொத்தம் 24 படங்கள். கணினி அறிந்த மாணவர் ஒருவர் அவற்றுக்கு இணையப் பக்கம் அமைத்துத் தந்தார். கட்டைவிரல் நகமளவுச் சிறுபடங்கள் நெருக்கமாக நான்கு வரிசை, ஒன்றன்மேல் சுட்டியைக் கொண்டுசென்றால் சொடுக்காமலே பெரிய படம் அருகில் விரியும், விலக்கினால் மறையும். அன்று இதற்கு ஒரு நியாயமும் இருந்தது. தொலைபேசி வழி இணைப்பில், சொடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய பக்கம் இறங்கி முடியக் காத்திருக்க வேண்டும். இம்முறையில் பக்கம் மாறாது. நமக்கோ பெருமை தாங்கவில்லை.

முதலில் காட்டியது நமக்குத் தமிழ் பயிற்றுவித்த ஆசானுக்கு. பூம்பாறையில் பிறந்தவர். எழுபதைக் கடந்துவிட்டதால் அம்முறை பூப்பைக் காண மலையேற இயலாதவர். சுட்டியைப் பிடித்த அவர் கை சற்றே நடுங்கியது. குறிஞ்சி விரியும், அவர் கண்ணாடியைச் சரிசெய்து குனிவதற்குள் சுட்டி நழுவிப் பக்கத்துச் சிறுபடத்தில் விழும், குறிஞ்சி போய்க் காந்தள் வரும். "பூ நிற்கமாட்டேன் என்கிறதே, தம்பி" என்றார். "கையை அசைக்காமல் வையுங்கள், ஐயா" என்றோம் நாம். இரண்டு முறை முயன்றார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு வேறு பேசலானார். குறை அவர் கையில் என்றே அன்று எண்ணினோம்.

குறிஞ்சி மீண்டும் பூத்த 2018இல் ஆசான் இல்லை. புதிய மாணவர்கள் கொடைக்கானலில் நின்றபடி அப்பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தனர். சிலருக்குப் படம் விரியவேயில்லை. சிலருக்கு விரிந்த படத்தை மூட வழி புலப்படவில்லை. காரணம் எளியது. சுட்டி, அழுத்தாமல் ஒரு படத்தின்மேல் நிற்கும். விரலுக்கு அந்த நிலை இல்லை. அது கண்ணாடியைத் தொடும், அல்லது தொடாது. "ஐயா, இதில் எங்கே தொட வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் ஆசானின் கைகள் நினைவுக்கு வந்தன.

அதே 2018 ஜூன் மாதம், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தன் அணுகல் நெறிமுறையின் 2.1ஆம் பதிப்பை வெளியிட்டது. சுட்டி படுவதால் தோன்றும் எதற்கும் அது மூன்று நிபந்தனைகள் விதிக்கிறது. சுட்டியை நகர்த்தாமலே அதை மூட முடிய வேண்டும். விரிந்ததன்மேல் சுட்டியைக் கொண்டுசென்றால் அது மறையக் கூடாது. தானாகவும் மறையக் கூடாது. நல்ல விதிகளே. எனினும் ஆசானுக்கு இவையும் போதா. சுட்டி முற்றிலும் விலகினால் படம் மறையலாம் என்று அவை இடமளிக்கின்றன. நடுங்கும் கைக்கு அந்த விலகலே துன்பம்.

ஆகவே பக்கத்தை மாற்றினோம். சிறுபடங்கள் பெரிதாயின, இடையில் இடைவெளி வந்தது, ஒவ்வொன்றின் கீழும் பூவின் பெயர் எப்போதும் தெரிகிறது. தொட்டாலோ சொடுக்கினாலோ பெரிய படம் திறக்கும். மூடும் வரை நிற்கும். விசைப்பலகையாலும் திறக்கலாம், மூடலாம். சுட்டி பட்டால் சிறுபடத்தைச் சுற்றி ஒரு கோடு தோன்றும், அவ்வளவே. ஒரு சொடுக்கு கூடுதல்தான். ஆனால் எந்தப் பூவை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்கிறார். பாறையில் குவித்த பூவும் அப்படித்தானே கிடந்திருக்கும்?

அடுத்த பூப்பு 2030இல். அப்போது எடுக்கும் படங்களை முதலில் முதியவர் ஒருவரிடம் கொடுத்து, வாய் திறவாமல் அருகில் அமர்ந்திருப்பதென்று உறுதி கொண்டுள்ளோம்.