நான் தவறாகவும் இருக்கலாம்

படிவம் நான்கில் படித்தபோது, என் நெருங்கிய நண்பன் திடீரென என்னுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டான். பள்ளிப் பேச்சுப் போட்டியில் நான் முதல் பரிசு பெற்ற வாரம் அது. அவனுக்குப் பொறாமை என்று உடனே முடிவுகட்டினேன். அவன் என்னைக் கண்டு ஒதுங்கினால், பொறாமை என்றேன். சிரித்தால், பொறாமையை மறைக்கிறான் என்றேன். அவன் எதைச் செய்தாலும் அது என் முடிவுக்குச் சான்றாகவே தெரிந்தது.

அந்நாள்களில்தான் நூலகத்தில் கார்ல் பாப்பரைப் பற்றிப் படித்தேன். அவர் 1902ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தவர். 16 வயதில் பள்ளியைவிட்டு விலகிப் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டார். தச்சுத் தொழில் பழகினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

இளமையில் அவர் உளவியல் அறிஞர் ஆல்ஃபிரட் அட்லரின் குழந்தை நலப் பணியில் உதவி வந்தார். 1919இல் ஒருநாள், ஒரு குழந்தையின் நடத்தையைப் பற்றி அட்லரிடம் கூறினார். அது அட்லரின் கோட்பாட்டுக்குப் பொருந்தாது என்பது பாப்பரின் எண்ணம். அட்லரோ அந்தக் குழந்தையைப் பாராமலேயே தம் கோட்பாட்டைக் கொண்டு எளிதாக விளக்கம் தந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும் விளக்கம் பாப்பரின் மனத்தில் ஐயத்தை எழுப்பியது.

அதே ஆண்டு மே 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. விண்மீன்களின் ஒளி சூரியனுக்கு அருகில் வரும்போது எவ்வளவு வளையும் என்பதை ஐன்ஸ்டைன் முன்கூட்டியே கணக்கிட்டுக் கூறியிருந்தார். பிரிட்டிஷ் அறிஞர்கள் பிரேசிலிலும் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு ஒன்றிலும் படமெடுத்து அளந்து பார்த்தனர். அளவு பொருந்தாவிட்டால் ஐன்ஸ்டைனின் கோட்பாடு வீழ்ந்திருக்கும். அது பொருந்தியது. தோல்விக்கு இடங்கொடுத்த அந்தத் துணிவே பாப்பரைக் கவர்ந்தது.

ஆயிரம் வெள்ளை அன்னங்களைக் கண்டாலும், எல்லா அன்னமும் வெள்ளை என்று உறுதியாகக் கூற முடியாது. ஒரே ஒரு கறுப்பு அன்னம் போதும், அக்கூற்று பொய்யாகிவிடும். ஆகவே, எது நிகழ்ந்தால் தன் கூற்று தவறாகும் என்று சொல்லக்கூடியதே அறிவியல் என 1934இல் வெளிவந்த தம் நூலில் பாப்பர் வாதிட்டார். யூத மரபில் வந்த அவர், நாஜிகளின் அச்சுறுத்தல் பெருகிய காலத்தில், 1937இல் நியூசிலாந்துக்குப் புறப்பட்டார். ஆட்சியாளர்களும் தவறக்கூடியவர்களே; குருதி சிந்தாமல் அவர்களை மாற்றும் வழி மக்களுக்கு வேண்டும் என்று அங்கிருந்து எழுதினார். 1994இல் அவர் மறைந்தார்.

இதைப் படித்தபின், “எது நடந்தால் நான் நினைத்தது தவறாகும்?” என்று என்னையே கேட்டுக்கொண்டேன். என்னிடம் விடை இல்லை. அட்லரைப் போலவே நானும் நண்பனிடம் எதையும் கேட்காமலேயே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவனிடம் நேரிலேயே கேட்டேன். சற்று நேரம் தயங்கிய பின், “ஒத்திகையின்போது எல்லார் முன்னிலையிலும் என் உச்சரிப்பைக் கேலி செய்தாயே, மறந்துவிட்டாயா?” என்றான்.

நான் மறந்தேதான் போயிருந்தேன். பொறாமை என்று அவன்மீது சுமத்திய குற்றம் உண்மையில் என்னுடையது. மன்னிப்புக் கேட்டேன். பழையபடி பேச அவனுக்குச் சில வாரங்கள் பிடித்தன.

இன்றும் ஒருவரைப் பற்றி உறுதியாக முடிவுகட்டும் வேளைகளில் அந்த வினா என் நினைவுக்கு வருகிறது. விடை கிடைக்கும்வரை என் முடிவைத் தள்ளிவைக்கிறேன்.