வண்டலில் வந்த ராஜராஜன் காசு

"உழும்போது காட்டில் ஒரு பழைய காசு கிடைத்தது. படம் அனுப்பியுள்ளேன். என்ன விலை போகும்? யாரிடம் கொடுக்கலாம்?"

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்த கேள்வி இது. படத்தில் புதுத் தாம்பாளம் போல மின்னும் ஒரு வட்டத் தகடு மட்டும்தான் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்திருக்கிறார் என்பது பார்த்ததுமே புரிந்தது. இதே மாதிரி கேள்விகள் மழைக்காலம் முடிந்து உழவு தொடங்கும்போதெல்லாம் வருகின்றன. இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். போகிற வழி நொய்யல் கரை. கொங்கு நாட்டில் காசுகளின் கதை ஓடுவதும் அதே வழியில்தான்.

பெருவழியில் தொடங்கிய பயணம்

முதலில் கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர் பக்கம் போனோம். அங்கே பாறையில் 'இராசகேசரிப் பெருவழி' என்று வெட்டிய சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். கிழக்கே சோழநாட்டிலிருந்து வரும் பாதை, பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டுக்கு இறங்கும் இடம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வண்டி மாடு சிரமமில்லாமல் போகக்கூடிய பெரிய திறப்பு இந்தக் கணவாய்தான். மிளகு, கல்மணி, இரும்பு எல்லாம் இந்த வழியில் போயின. பதிலுக்குக் காசு வந்தது.

அங்கிருந்து வெள்ளலூர். இன்று கோவை நகரத்தோடு ஒட்டிவிட்ட ஊர். 1842, 1891, 1931 என்று மூன்று முறை இந்த ஊர் மண்ணிலிருந்து ரோமானிய வெள்ளிக்காசுகள் வந்தன. முதல் முறை மட்டும் 500க்கு மேல். பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு ரோமப் பேரரசர்களின் தலை பொறித்தவை. திருப்பூரைத் தாண்டி கத்தாங்கண்ணியில் 1913ல் 200க்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கிடைத்தன. உடுமலைப் பக்கம் புதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கண்டெடுத்தவர் சொன்னார், வாங்கியவர் ஊர் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்தார், அதனால்தான் தெரியும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் காசுகளில் பெரும்பகுதி இப்படிப் புதையல் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தவை. ஊர் பெயர் எழுதப்பட்டதால், அவற்றை வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துப் பார்க்க முடிந்தது. புள்ளிகளைச் சேர்த்தால் கணவாயிலிருந்து நொய்யல் வழியாகக் கரூர் வரை ஒரு கோடு தெரிகிறது. உருக்கியிருந்தால் சில படி வெள்ளி மிஞ்சியிருக்கும், அந்தக் கோடு மிஞ்சியிருக்காது.

கொடுமணலில் ஒரு மதியம்

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினரும், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினரும், மாநிலத் தொல்லியல் துறையினரும் இங்கே பல முறை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன.

நாங்கள் போனபோது சுற்றிலும் சோளத்தட்டு அறுத்த காடுகள். வரப்போரம் குனிந்து பார்த்தால் கறுப்பு-சிவப்புப் பானை ஓடும், தேன்கூடு போல ஓட்டை விழுந்த கனமான கறுப்புக் கட்டியும் கண்ணில் பட்டன. கட்டி என்பது இரும்புக் கிட்டம், உலையில் இரும்பு பிரிந்தபின் மிஞ்சும் கழிவு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, இதையெல்லாம் பொறுக்கறீங்க? உழவுக்கு இடைஞ்சலுன்னு நாங்க வாரி வரப்புல கொட்டறதுங்க."

எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம். உழவருக்கு இடைஞ்சலாகத் தெரிந்த இந்தக் கட்டிகள்தான் இங்கே உலை இருந்தது என்பதற்குச் சாட்சி. ஒரு கட்டியைக் கொண்டுபோய் வீட்டு அலமாரியில் வைத்தால் அது வெறும் கல்லாகிவிடும்.

காங்கேயத்துக் காடு

சாயங்காலம் வாசகர் வீடு போய்ச் சேர்ந்தோம். வாசலில் இரண்டு காங்கேயம் மாடு. மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவர் அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்.

"எங்க மாமனார் கிணறு வெட்டுனப்ப ஒரு முட்டி கெடச்சுதுங்க சாமி. உள்ள பூராவும் செம்புக்காசு, பச்சை புடிச்சுப் போயி. பாத்திரக்கடையில எடைக்குப் போட்டு ஒரு குடம் வாங்கியாந்தாங்க. குடமும் ஓட்டையாயிருச்சு."

எந்த ஆண்டு, எத்தனை காசு, அதில் யானை இருந்ததா ஆள் இருந்ததா, எதுவும் யாருக்கும் நினைவில்லை. ஒரு முட்டி நிறையக் காசு என்றால், கடைசியாக அடித்த காசை வைத்து எப்போது புதைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். எதற்குப் பயந்து புதைத்தார்கள் என்றுகூட ஊகிக்கலாம். அந்த ஊரின் ஒரு பக்கம் குடத்தோடு போய்விட்டது.

பிறகு வாசகர் காசைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று இருந்தது. நல்லவேளை, மறுபக்கம் தேய்க்கவில்லை. பச்சை படிந்த அந்தப் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. எங்களோடு வந்த, காசு படிக்கத் தெரிந்த நண்பர் மெதுவாக வாசித்தார்: "ஸ்ரீ ராஜ ராஜ."

வீடே அமைதியாகிவிட்டது. கி.பி. 985ல் தஞ்சையில் பட்டத்துக்கு வந்த முதலாம் ராஜராஜன் பெயரில் அடித்த செப்புக்காசு அது. ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவம். தேய்ந்துபோனது நிற்கும் பக்கம். இதே அச்சைப் பார்த்து இலங்கையில் பராக்கிரமபாகு, லீலாவதி அரசி போன்றவர்களும் தங்கள் பெயரில் காசு அடித்தார்கள். உருவம் ஒன்றே என்பதால், பெயர் எழுத்து இருந்தால்தான் யார் காசு என்று சொல்ல முடியும். இன்னொரு உருண்டைப் புளி செலவாகியிருந்தால் அந்தப் பெயரும் போயிருக்கும்.

"அப்ப லட்சக்கணக்குல போகுமுங்களா?" என்றார் வாசகர்.

இல்லை என்று உள்ளதைச் சொன்னோம். ராஜராஜன் செப்புக்காசு நிறையக் கிடைக்கிறது, விற்றால் பெரிய தொகை வராது. அவர் முகம் வாடியது. ஆனால் காங்கேயத்துக் காட்டில் கிடைத்தது என்பதற்கு மதிப்பு உண்டு என்றோம். சோழர் காசு கொங்கு நாட்டின் எந்தெந்த ஊரில் புழங்கியது என்பதை இப்படித் தனியாகக் கிடைக்கும் காசுகள்தான் காட்டும்.

இடத்தைச் சொன்ன பெண்

காலையில் காட்டுக்குப் போனோம். "இங்கதானுங்க" என்று கிழக்கு வரப்போரம் காட்டினார் வாசகர். நாங்கள் கைபேசி வரைபடத்தில் புள்ளி வைக்கப் போகும்போது, பிளஸ் ஒன் படிக்கும் அவர் மகள் குறுக்கிட்டாள்.

"அப்பா, இது போன வருசம் குளத்து வண்டல் கொட்டுன எடமாச்சே."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமா கண்ணு! மறந்தே போயிட்டேன்."

அனுமதி வாங்கி, ஊர்க் குளத்தில் பதினைந்து டிராக்டர் லோடு வண்டல் எடுத்து அந்தப் பட்டத்தில் பரப்பியிருக்கிறார். காசு இந்தக் காட்டுக்குச் சொந்தமானதாக இல்லாமல் குளத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்தப் பெண் சொல்லாவிட்டால் ராஜராஜன் காசைத் தப்பான இடத்தில் பதிந்திருப்போம். நாளைக்கு யாராவது அந்தக் காட்டில் பழைய ஊர் இருந்தது என்று நம்பித் தேடியிருப்பார்கள்.

நம் காடுகளில் இது சாதாரணம். வண்டல் வருகிறது, எருக்குழி மண் வருகிறது, ஜே.சி.பி. வைத்து மேட்டைப் பள்ளத்துக்குத் தள்ளுகிறோம். எந்த மண் எங்கிருந்து வந்தது என்பது வெளியூர் ஆய்வாளருக்குத் தெரியாது, காட்டுக்காரருக்குத்தான் தெரியும். அந்தப் பெண் தன் நோட்டில் இரண்டு இடத்தையும் எழுதினாள்: கிடைத்த காட்டின் பெயரும் சர்வே எண்ணும், வண்டல் எடுத்த குளத்தின் பெயரும், எந்தக் கரை ஓரம் வெட்டினார்கள் என்பதும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் இப்படிப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பதிவு அலுவலர் இருக்கிறார். உழவர்களும், உலோகம் காட்டும் கருவியோடு நடப்பவர்களும் கொண்டுவரும் காசு, மோதிரம், கொக்கியை அளந்து, படம் எடுத்து, இடத்தை எழுதுகிறார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகிவிட்டன, பெரும்பாலும் உழவு நிலத்தில் கிடைத்தவை. நமக்குக் கருவி வேண்டியதில்லை. தோண்டவும் வேண்டாம். ஏர் ஓடும்போது தானாக மேலே வருவதை எழுதினாலே போதும்.

நம் காட்டில் என்ன கிடைக்கும்?

செப்பில் நிற்கும், உட்கார்ந்த உருவம் இருந்தால் சோழர் வகை. சதுரமாகவோ ஒழுங்கில்லாமலோ வெட்டிய சின்ன வெள்ளித் துண்டில் சூரியன் போன்ற முத்திரைகள் இருந்தால் அது 2,000 ஆண்டுக்கும் முந்திய முத்திரைக் காசு. பருப்பு அளவில் மெல்லிய தங்கத் தகடு என்றால் பணம். சேரநாட்டில் அடித்த வீரராயன் பணம் கணவாய் வழியாகக் கொங்கிலும் புழங்கியது. யானை பொறித்த செப்பு, மைசூர் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். திப்பு சுல்தான் யானைக் காசு நிறைய அடித்தார். கேடயமும் 1808 என்ற எண்ணும் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. அம்பு முனை, வளையல் துண்டு, மணி, முத்திரை மோதிரம் ஆகியவற்றையும் இதேபோல் பதியலாம்.

எழுத வேண்டியவை

- தேதி, காட்டின் பெயர், சர்வே எண், கைபேசி வரைபடப் புள்ளி.
- எந்த வேலையின்போது, எத்தனை அடி ஆழத்தில் வந்தது. வெளி மண் கொட்டிய இடமா.
- கூடவே பானை ஓடு, கிட்டம், சாம்பல், எலும்பு இருந்ததா.
- நகைக்கடைத் தராசில் எடை, மில்லிமீட்டரில் குறுக்களவு.
- இரண்டு பக்கமும் படம். பக்கத்தில் அளவுகோல் வைத்து, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து சாய்வாக விழும்படி எடுக்கவும்.
- கழுவக் கூடாது. புளி, எலுமிச்சை, சாம்பல், கம்பி பிரஷ் எதுவும் ஆகாது. நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட்டு, மேலே எண் எழுதவும்.
- முட்டியோடு இருந்தால் கொட்டிப் பார்க்காமல் வேலையை நிறுத்தித் தகவல் சொல்லவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

யாரிடம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பதில் சொல்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது பிணை தர வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோருக்கு 4 முதல் 6 மாதம் அவகாசம் தருவார். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் வேறு உடன்பாடு இல்லாதபோது முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொள்வதாக இருந்தால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு, சிலைகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

"காட்டையே புடுங்கிக்குவாங்கன்னு சொல்றாங்களே?" என்று வாசகர் பயந்தார். புதையல் சட்டம் பொருளைப் பற்றித்தான் பேசுகிறது, நிலத்தைப் பறிக்கச் சொல்லவில்லை என்று விளக்கினோம்.

அன்றைக்கே மகள் கையெழுத்தில் ஆட்சியருக்கு ஒரு கடிதம் தயாரானது. நோட்டில் எழுதியது, படங்கள் எல்லாம் சேர்த்து இரண்டு பிரதி. ஒன்று வி.ஏ.ஓ. மூலமாக ஆட்சியர் அலுவலகத்துக்கு. மற்றது அருங்காட்சியகத்தில் காட்ட. கொங்கு வாசகர்களுக்குக் கோவை, ஈரோடு, கரூரில் அரசு அருங்காட்சியகங்கள் உண்டு. எங்கே கொடுத்தாலும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "அந்த முட்டி எங்க கெடச்சுதுன்னு இப்ப எழுதி வெச்சாலும் ஆகுமுங்களா?"

ஆகும் என்றோம். காசு போய்விட்டாலும் கிணறு அங்கேயேதான் இருக்கிறது. பேத்தி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பாட்டி சொல்லச் சொல்ல, கிணற்று மேட்டின் சர்வே எண்ணிலிருந்து எழுதத் தொடங்கினாள்.