சல்லிக் கரையும் இசைப்பெட்டியும்

திருகோணமலைப் பட்டினத்தை விட்டு நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவை அடைவர். அங்கிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால் சல்லி என்னும் மீனவர் கிராமம் வரும். முத்துமாரியம்மன் கோயிலால் இவ்வூரின் பெயரை அயலூரார் பலரும் அறிவர். சென்ற விடுமுறையில் நாம் அங்கு சென்றது கோயில் காணவுமன்று; கடலாடவுமன்று. எம்முடன் ஒருகாலத்தில் படித்த நண்பர், தம் வீட்டிலே முதன்முதலாக ஓர் இசைக்கருவித் தொகுதியை, இளைஞர் 'ஹை-பை' என்று சொல்கிறார்களே அதனை, அமைக்க விரும்பி எம்மைத் துணைக்கு அழைத்திருந்தார்.

நண்பரின் தந்தையார் கரைவலைச் சம்மாட்டி. வலை இழுக்கும்போது முன்னின்று அம்பா பாடுவதில் வல்லவர். ஒருவர் அடியெடுத்துப் பாட, வரிசையாக நிற்போர் பின்பாட்டுப் பாடிக்கொண்டே கயிற்றை இழுப்பர். பாட்டின் தாளமே பல கைகளை ஒரு கையாக்குவது. உழவு இயந்திரம் கயிறு இழுக்க வந்த கரைகளிலே அத்தாளத்திற்கு வேலையில்லாது போயிற்று. எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர், ஒரு நாள் கரையிலே நின்று அப்பாட்டை ஒலிநாடாவிற் பதிந்தார். 2004 மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி வீட்டை வாரிச் சென்றது. நண்பரின் மாமனாரையும் கொண்டு சென்றது. நாடாவோ பட்டினத்தில் அவ்வுறவினர் வீட்டில் இருந்தமையால் தப்பியது.

தந்தையாரும் இப்போது இல்லை. அந்த நாடாவை இலக்கப் பதிவாக மாற்றி, நண்பர் தம் கைத்தொலைபேசியிலே போட்டுக் காட்டினார். எண்பது வயதைக் கடந்த தாயார் செவியை அருகிற் கொண்டுவந்து கேட்டுவிட்டு, "ஆரோ கத்துறாங்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அச்சொல்லே நண்பரை இசைப்பெட்டி தேட வைத்தது.

இலக்க இசை என்பது யாது? ஒலியலையை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதே. 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டின் கணக்கு இது. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். மிக உயர்ந்த சுருதிக்கும் இரட்டிப்பு மடங்கிற்கு மேலாக அளந்தாலே அலையை மீண்டும் சரியாக வரையலாம் என்பது பௌதிக நூலார் துணிபு. இவ்வாறு எழுதினால் ஒரு நிமிட இசைக்குப் பத்து மெகாபைற் வேண்டும். செவி எளிதிற் கவனியாதவற்றை நீக்கிச் சுருக்குவது எம்பி3 முறை. ஒன்றையும் இழக்காது மடித்து வைப்பது ஃபிளாக் முறை. நண்பரிடம் இரு வகைப் பிரதியும் இருந்தன. "பெரிய பிரதியிலே நாடாவில் இல்லாததும் வருமோ?" என்று வினவினார். வராது. பதிவில் இல்லாததை எந்தப் பெட்டியும் படைக்காது. இருப்பதை இழக்காமல் காப்பதே அதன் கடன்.

தொகுதிக்கு வேண்டிய உறுப்புகள் நான்கே. இசையை வைத்திருக்கும் கணினி ஒன்று. எண்களை மின்னலையாக்கும் சிறு கருவி ஒன்று, இதனைக் கடைக்காரர் 'டாக்' என்பர். அவ்வலைக்கு வலுவூட்டும் அம்பிளிபயர் ஒன்று. ஸ்பீக்கர் ஒரு சோடி. பழைய மடிக்கணினி வீட்டிலேயே இருந்தது. மீதிப் பணத்திற் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கே செலவிடும்படி சொன்னோம். ஒலிக்கு ஒலி வேறுபாடு மிகுதியாகத் தெரிவது அங்கேதான். கடன்பட்டுப் பெரியது வாங்கவும் நாம் இசையவில்லை. ஒன்றரை அடி உயரமுள்ள சோடி ஒன்று, ஒருவர் பாவித்துக் கொடுத்தது, பட்டினத்திலே கிடைத்தது.

கடற்கரை வீட்டிற்கென்றே சில வேலைகள் உண்டு. உப்புக் காற்றினால் செப்புக் கம்பியின் நுனி பச்சைபூத்துக் கிடந்தது. அதனை வெட்டி, புது நுனி சீவிப் பூட்டினோம். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் விலக்கி, ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில், அமர்ந்தவர் செவி மட்டத்தில் வைத்தோம். கேட்பவர் கதிரையும் அவற்றிலிருந்து ஆறடி. மூன்றும் சமபக்க முக்கோணம்.

மாலையாயிற்று. நாடாவை ஓடவிட்டோம். ஒலி பெரிதாயிருந்ததே யன்றி உயிரில்லை. பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. கீழ்ச்சுருதி முற்றும் மெலிந்திருந்தது. நண்பரின் முகம் வாடிற்று. பணம் கடலிற் போட்டதாயிற்றோ என்று எமக்கும் அச்சம். பின்னர் ஆராய்ந்ததில், ஒரு ஸ்பீக்கரிலே சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம்மாறிப் பூட்டப்பட்டிருந்தன. ஒன்று காற்றை முன்தள்ளும் வேளையில் மற்றது பின்னிழுக்க, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. அதனைப் பூட்டியவர் பட்டதாரியாகிய நாமே! பத்தாம் வகுப்பிற் படிக்கும் நண்பரின் மகள்தான் அதனைக் கண்டுபிடித்தாள்.

கம்பியை மாற்றினோம். வெறுஞ் சீமெந்துத் தரையிலே எதிரொலி மிகுந்தமையால் இரண்டு பாயை விரித்து, பின்சுவரிலே பஞ்சு மெத்தை ஒன்றைச் சாத்தினோம். மறுபடி ஓடவிட்டபோது முதலிற் கேட்டது பாட்டன்று, அலை. அதன்பின் தந்தையார் குரல், இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நின்று பாடுவது போல. அவர் பின்னே மணலில் ஊன்றும் கால்களும், பின்பாட்டுப் பாடும் பல குரல்களும்.

தாயார் கதிரையின் கையைப் பற்றினார். "இது அவரெல்லோ!" என்றார். சற்று நேரம் கேட்டுவிட்டு, "பொறு, பொறு. பின்னால கனத்த குரலில எடுக்கிறது உன்ட மாமனெல்லோ!" என்றார்.

நண்பர் பெட்டியை நிறுத்திவிட்டு எம்மைப் பார்த்தார். மாமனார் குரல் அந்நாடாவில் இருப்பதை வீட்டிலே எவரும் அறிந்திருக்கவில்லை. அது ஆண்குரலின் அடித்தளத்தில் ஒலிப்பது. கைத்தொலைபேசியின் சிறு ஸ்பீக்கர் அத்தாழ்ந்த ஒலியை வெளியிட வல்லதன்று. அப்பகுதியைத் தாயார் மூன்று முறை கேட்டார்; நான்காம் முறை வேண்டாமென்று எழுந்து உள்ளே சென்றார்.

மாணவர்களுக்கு ஒரு சொல். மிருதங்கத்தின் தொப்பியையும் தவிலின் தொப்பியையும் கைத்தொலைபேசியிற் கேட்டு, அவ்வளவுதான் என்று எண்ணிவிடாதீர்கள். விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதில்லை. நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்று, சரியாகப் பூட்டிய கம்பி, அடக்கமான அறை, கேட்கும் பொறுமை: இவை போதும். ஆனால் அதற்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. பாட்டன் பாட்டியர் குரலை இன்றே பதிந்து வையுங்கள். பெட்டியை நாளையும் வாங்கலாம்.

அன்றிரவு சல்லியிலேயே தங்கினோம். விடிகாலையில் தாயார் முற்றத்திலே கடலைப் பார்த்தபடி இருந்தார். எம்மைக் கண்டதும், "தம்பி, அது இன்னும் பெட்டிக்குள்ள இருக்குதுதானே?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம்.