காற்றை வாங்குவோர்

2019-இல் பிரித்தானியாவின் 20 பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் காற்றாலைகளின் மின்சாரத்தை வாங்க நீண்டகால ஒப்பந்தம் செய்தன. மதிப்பு சுமார் 5 கோடி பவுண். இதனால் ஆலைக்கு உறுதியான வாங்குவோர் கிடைத்தனர். கல்விக்கூடங்களுக்கோ முன்னரே தெரிந்த விலை. தனித்து நின்று கேட்டால் கிட்டாதது, கூடிக் கேட்டதால் கிட்டியது. தொழிற்சங்கம் நமக்குக் கற்பித்த பாடமன்றோ இது!

ஆயினும், டிக்கோயாவில் ஆசிரியனாயிருக்கும் என்னால் மகிழ்ச்சியோடு நின்றுவிட முடியவில்லை. எமது காசல்ரீ நீரால் விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் இயங்கிவருகிறது. நகரங்கள் ஒளிபெற்றன, லயத்துப் பிள்ளைகள் பலர் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தனர்.

நாளை நமது பல்கலைக்கழகங்களும் மன்னார்க் காற்றுக்கு ஒப்பந்தம் எழுதலாம், எழுதவும் வேண்டும். அப்போது மாணவர்களே, விலையை மட்டும் பாராதீர்கள். காற்றாடி சுழலும் கரையில் வாழும் மீனவனுக்கு அதில் என்ன பங்கு என்று கேளுங்கள்.