ஜும்ஆவுக்கு வழிகாட்டிய நான்கு சொற்கள்



வணிக நிமித்தமாகச் சீனாவின் குவாங்சோ நகருக்கு முதன்முறை சென்றிருந்தபோது ஒரு ஜும்ஆவைத் தவறவிட்டேன். டாக்சிகளுக்குப் பஞ்சமில்லை, கேட்பதற்குத்தான் என்னிடம் மொழியில்லை. “மஸ்ஜித்” என்றேன், தக்பீர் கட்டியும் காட்டினேன். மூன்று ஓட்டுநர்கள் தலையசைத்துவிட்டுச் சென்றனர். நான்காமவர் கைபேசியிலிருந்த படத்தைக் கண்டு ஏற்றிக்கொண்டார். பள்ளிவாசலை அடைந்தபோது மக்கள் தொழுது வெளியேறிக்கொண்டிருந்தனர். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்பதை அறிவேன். ஆயினும் தனியே லுஹர் தொழுதபோது மனம் கனத்தது.

அன்றிரவே விடுதிப் பணியாளரான முதியவரிடம் பாடம் கேட்டேன். ‘நான் செல்ல வேண்டும்’ என்பதற்கு “வோ யாவ் ச்சு”. பள்ளிவாசலுக்கு “ச்சிங் ஜென் ஸ”. தூய்மை, உண்மை, ஆலயம் என்னும் பொருள்களின் கூட்டு. ‘இங்கே நிறுத்துங்கள்’ என்பதற்கு “த்ஸாய் ஜலி திங்”.

சொற்களைவிடத் தொனியே கடினம். ‘தாங்’ என்பதை உயர்ந்த குரலில் சமமாகச் சொன்னால் சூப்பு. குரலை மேலேற்றிச் சொன்னால் சர்க்கரை. ‘கல்பு’ என்பதன் முதலெழுத்தைப் பிழையாக ஓதினால் இதயம் நாயாகிவிடும் என்று மக்தபில் உஸ்தாத் கண்டித்தது நினைவுக்கு வந்தது.

இவை யாவற்றுக்கும் முன்னர் “ஷிஃபு” என்று அழைக்க வேண்டும் என்றார் முதியவர். தொழில் கைவந்தவரை மதித்து விளிக்கும் சொல் அது.

அடுத்த வெள்ளியன்று “ஷிஃபு” என்றதுமே ஓட்டுநரின் முகம் மலர்ந்தது. என் தொனியை இருமுறை திருத்தினார்; நானும் மாணவனாகத் திருப்பிச் சொன்னேன். குவாங்தா சாலையில், 36 மீட்டர் உயர மினாரா கொண்ட ஹுவாய்ஷெங் பள்ளிவாசலின் வாயிலருகே “திங்” என்றேன், நிறுத்தினார். குத்பாவுக்கு முன்பே ஸஃப்பில் அமர்ந்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்.

அமர்ந்தபோது வேறொரு நினைவு உறுத்தியது. சென்னை மண்ணடியில் ஒருமுறை வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் உடைந்த தமிழில் என்னிடம் வழி கேட்டார். புரியவில்லை எனக் கையசைத்துவிட்டு நடந்தேன், புரிந்துகொள்ள முயலவேயில்லை. மொழிகளின் வேறுபாடும் இறைவனின் அத்தாட்சி என ஓதியவன்தான் நான்.

இப்போது எவரேனும் திக்கித்திணறி வழி கேட்டால் நின்றுவிடுகிறேன். அவருக்கும் ஏதோ ஒரு தொழுகை தவறிக்கொண்டிருக்கலாம்.