ஆயா எந்த வண்டியில ஏறுவாங்க?

ஏழு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழு சீட் வண்டி வாங்குறதுல என்ன பெரிய குழப்பம் வரப்போகுதுன்னு நினைக்கலாம். எங்க வீட்ல அது ரெண்டு மாசம் ஓடுச்சு. அப்பா, சித்தப்பா ஓட்டு ஸ்கார்ப்பியோ-என்னுக்கு. அம்மா, சித்தி ஓட்டு எக்ஸ்யூவி700-க்கு. தங்கச்சிக்கு சன்ரூஃப் இருந்தா போதும். ஆயாவை மட்டும் யாரும் கேட்கலை (எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம்). கடைசியில, "மெக்கானிக்கல்தானே படிக்கிற, நீயே சொல்லு"ன்னு அப்பா முடிவை என் தலையில கட்டிட்டார்.

பேப்பர்ல பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ரெண்டுமே மஹிந்திரா. ரெண்டுலயும் 2.2 லிட்டர் டீசல் இன்ஜின் கிடைச்சுது. எக்ஸ்யூவியில அதிகபட்சம் 185 பிஎஸ், ஸ்கார்ப்பியோவில 175. வீல்பேஸ் ரெண்டுக்கும் 2,750 மில்லிமீட்டர்.

உண்மையான வித்தியாசம் அடியில இருக்கு. ஸ்கார்ப்பியோ-என் லேடர் ஃப்ரேம் வண்டி. ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். அதுக்கு மேல பாடியை உட்கார வெச்சு போல்ட் போட்டு முறுக்கியிருப்பாங்க. எக்ஸ்யூவி மோனோகாக், தனிச் சட்டம் கிடையாது, பாடியேதான் சட்டம். நாம ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துபோன அதே கேள்விதான். மேடுபள்ளத்துல வண்டி முறுக்கப்படும்போது ஏணிச் சட்டம் நல்லா தாங்கும். ஆனா பாடி அதுக்கு மேல உட்கார்றதால, நாம கால் வைக்கிற தரையும் உயர்ந்துடும். மொத்த உயரத்துலயே ரெண்டுக்கும் சுமார் 10 சென்டிமீட்டர் வித்தியாசம்.

அப்பாவோட வாதம் குலதெய்வம் கோயில். அஞ்செட்டி பக்கம், மலைப்பாதை, கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண் ரோடு. நியாயமான வாதம்தான். நான் ஒரு நோட்டை எடுத்து, ஒரு வருஷத்துல இந்த வண்டி எங்கெல்லாம் போகும்னு எழுதினேன். கோயிலுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஆயாவோட பெங்களூர் ஆஸ்பத்திரி பன்னிரண்டு தடவை. எங்க ஜூஜுவாடி தமிழ்நாட்டு எல்லையிலேயே இருக்கு. கொஞ்சம் தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. அப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹைவே, சிக்னல், டிராஃபிக். மண் ரோடே கிடையாது.

அடுத்து ஸ்டார் சண்டை. குளோபல் என்கேப் சோதனையில ரெண்டுக்குமே பெரியவங்க பாதுகாப்புக்கு 5 ஸ்டார். குழந்தைங்க பாதுகாப்புக்கு எக்ஸ்யூவிக்கு 4, ஸ்கார்ப்பியோவுக்கு 3. "பார்த்தியா!"ன்னாங்க சித்தி. ஆனா எக்ஸ்யூவிக்கு ரிசல்ட் வந்தது 2021 நவம்பர்ல, ஸ்கார்ப்பியோவுக்கு 2022 டிசம்பர்ல. நடுவுல 2022 ஜூலையில சோதனை விதிகளே கடுமையாச்சு. வேற வேற கொஸ்டின் பேப்பர்ல வாங்கின மார்க்கை எப்படி ஒப்பிடுறது? அதனால அந்தக் கணக்கை நான் எடுத்துக்கலை.

ஷோரூமுக்கு ஆயாவையும் கூட்டிட்டுப் போனோம். ஸ்கார்ப்பியோவில ஏற அம்மா முன்னாடி கையைப் பிடிக்க, நான் பின்னாடி தாங்கிக்கிட்டேன். உட்கார்ந்ததும் "உசரமா நல்லாத்தான் இருக்குது, ஊரே தெரியுது"ன்னு சிரிச்சாங்க. இறங்கும்போது மட்டும் சிரிக்கலை. எக்ஸ்யூவியில முதல்ல சீட்ல பக்கவாட்டுல உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலா உள்ளே எடுத்து வெச்சாங்க. யாரும் கை கொடுக்கலை. நானும் தங்கச்சியும் மூணாவது வரிசையில உட்கார்ந்து பார்த்தோம். ரெண்டு வண்டியிலயும் என் முட்டி தாடையைத் தேடி வந்துச்சு. அது எங்க தலையெழுத்து.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சித்தி அந்த விஷயத்தைச் சொன்னாங்க. "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"னு ஆயா மூணு மாசமா ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டதுக்குக் காரணம் இருந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் அவங்களை ஏத்தி இறக்க வீட்ல ஒருத்தர் லீவு போடணுமாம். அப்பா எதுவும் பேசலை. அடுத்த நாள் காலையில எக்ஸ்யூவிக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வந்தார்.

பட்ஜெட் போடுறவங்களுக்கு ரெண்டு தகவல். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் போய் ஒரே 40 சதவீத ஜிஎஸ்டி ஆயிடுச்சு. முன்னாடியைவிட வரி குறைவு. நாங்க ஆயுத பூஜை வரைக்கும் காத்திருந்தது அதுக்காகவும்தான். ரெண்டாவது, தமிழ்நாட்டுல வண்டி விலை 20 லட்சம் வரை சாலை வரி 18 சதவீதம், தாண்டினா 20. 19.90 லட்சம் வண்டிக்கு வரி 3,58,200 ரூபாய், 20.10 லட்சம் வண்டிக்கு 4,02,000. விலையில 20 ஆயிரம் கூடினா வரியில 43,800 கூடுது. டாப் வேரியன்ட் பார்க்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

எங்க தெருவுல கேஏ 51 நம்பர் வண்டிங்க நிறைய. "அந்தப் பக்கம் சொந்தக்காரங்க அட்ரஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிடலாமே"ன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். வண்டி வழக்கமா நிக்கிற இடத்துலதான் பதியணும்கிறது சட்டம். எங்க வண்டி நிக்கிறது ஜூஜுவாடியில. அதனால டிஎன் 70, ஓசூர்.

வண்டி வாங்கப் போறீங்கன்னா ரிவ்யூ வீடியோ பார்க்குறதுக்கு முன்னாடி, யார் எந்த சீட்ல உட்காரப் போறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. டெஸ்ட் டிரைவுக்கு வீட்லயே வயசானவங்களைக் கூட்டிட்டுப் போங்க. ஆயா இப்போ மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, கதவை அவங்களே திறந்துக்கிறாங்க. அப்பாவுக்கு மட்டும், ஹைவேல ஒரு ஸ்கார்ப்பியோ ஓவர்டேக் பண்ணிப் போனா, அது கண்ணை விட்டு மறையுற வரைக்கும் பேச்சு வராது.