போடலாம் என்று சொல்வது

ஒரு பழைய பிஸ்டனைக் கழித்துப் போடுவதற்குப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டியதில்லை. கையில் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் போதும். புதியது வாங்கிப் போட்டதும் எஞ்சின் ஓடுகிறது. சொன்னவருக்கும் பெயர் கெடுவதில்லை. 'இதையே மறுபடி போடலாம்' என்று சொல்வதற்குத்தான் கண்ணும் கையும் கணக்கும் வேண்டியிருக்கின்றன. என் தாய்மாமா டெல்டாப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பம்புசெட் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த மாதங்களில் நான் அங்கே உட்கார்ந்து நாவல்கள் படித்துக்கொண்டிருந்தேன். மதிப்பீடு என்ற சொல்லின் பொருள், விமர்சனக் கட்டுரைகளைவிட அந்தப் பட்டறையிலிருந்தே எனக்கு அதிகம் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

பார்வைக்குப் பிஸ்டன் ஓர் உருளை. அளந்து பார்த்தால் அப்படி இல்லை. பின் செல்லும் திசையில் அதன் விட்டம் சற்றுக் குறைவு. அதற்குக் குறுக்கான திசையில் கூடுதல். நெருப்பை நேரே வாங்கும் தலைப்பகுதி, அடிப்பகுதியைவிடச் சிறுத்திருக்கும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே ஓடும்போது வட்டமாக வேண்டிய ஒன்றைக் குளிர்ந்த நிலையில் கோணலாகவே செய்கிறார்கள். மைக்ரோமீட்டரை எங்கே வைப்பது என்று அறியாதவர் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. ஸ்கர்ட் எனப்படும் கீழ்ப்பகுதியில், பின்னுக்குச் செங்குத்தான திசையில், கையேடு சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும்.

மாமா அளவுக்கு முன்னால் கரியைப் பார்ப்பார். பிரித்த பிஸ்டனைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்வது அவர் வழக்கம். ரிங்குகளுக்குக் கீழே பழுப்புக் கறை இறங்கியிருந்தால், எரிந்த புகை கீழே கசிந்திருக்கிறது. தலையின் விளிம்பில் கரி கழுவிவிட்டதுபோல் இருந்தால், ஆயில் மேலேறியிருக்கிறது. எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். "சாட்சியக் கொன்னுட்டு வந்து நியாயம் கேக்குறியே" என்பார்.

பிறகு காடிகள். உடைந்த பழைய ரிங்குத் துண்டால் கரியைச் சுரண்டியெடுத்து, புதிய ரிங்கைக் காடியில் வைத்துச் சுற்றிலும் உருட்டிப் பார்ப்பார். இரண்டுக்கும் இடையே ஃபீலர் கேஜின் தகடு எவ்வளவு கனம்வரை நுழைகிறது என்பது கணக்கு. பல எஞ்சின்களில் 0.15 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் எல்லை இருக்கும். அதைத் தாண்டிய காடியில் புது ரிங் போட்டாலும் ஆடி ஆடி உடையும். ஸ்கர்ட்டில் நெடுக்காக ஓடும் மெல்லிய கீறல்கள் பார்ப்பவரை மிரட்டும். நகத்தில் தட்டாதவரை அவை பெரும்பாலும் குற்றமற்றவை. கண்ணை உறுத்தாத காடியில்தான் பிஸ்டனின் ஆயுள் முடிந்திருக்கும்.

2012ஆம் ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை, செப்டம்பரில்தான் திறந்தார்கள். மின்வெட்டும் கடுமையாக இருந்தது. ஃபில்டர் பாயிண்ட் என்று எங்கள் பக்கம் சொல்லும் ஆழங்குறைந்த குழாய்க்கிணறுகளில் டீசல் எஞ்சின்கள் இரவு பகலாக ஓடின. ஆகஸ்டில் ஒருநாள், இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிரிட்டிருந்த ஒருவர் பிஸ்டனைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். எஞ்சின் நீலப்புகை கக்கி, இழுக்காமல் நின்றுவிட்டது. குறுவை பொதி கட்டியிருந்தது. அந்தப் பருவத்தில் தண்ணீர் நின்றால் கதிர் பதராகும். லைனரும் பிஸ்டனும் புது செட்டாக வாங்கக் கையில் பணம் இல்லை. "ரிங்கு மட்டும் மாத்திட்டு இதையே போட்டுக்கலாமாண்ணே?" என்று கேட்டார்.

பிஸ்டன் நன்றாகத்தான் இருந்தது. அளவு சரி, காடி சரி. எண்ணெய் தடவிய பின், கட்டைவிரலால் தள்ளினால் மட்டும் நகர்ந்தது. மாமா அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். அரை மணி கழித்து எடுத்து, உலரத் துடைத்து, உட்புறமெங்கும் சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தார். சற்று நேரத்தில் பின் துளைக்கு மேலே, வெள்ளைப் பொடியில் முடிபோல ஓர் ஈரக்கோடு எழுந்து வந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் திரும்பிக் கசிகிறது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

80 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தப் பிஸ்டனின் தலைமேல் ஒவ்வொரு வெடிப்பிலும் ஏறத்தாழ 3 டன் சுமை இறங்குகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் இது நிமிடத்துக்கு 750 முறை நிகழும். அந்தச் சுமையைப் பின்னுக்குக் கடத்துவது விரிசல் விட்டிருந்த அதே இடம்தான். அது பிளந்தால் கன்ராடு எஞ்சினின் உடலையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

"இது ஆவாது தம்பி" என்ற மாமா, மரப்பெட்டியில் கிடந்த பழைய பிஸ்டன்களிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துவந்தார். ஸ்கர்ட் முழுக்கக் கீறல். யாரோ வேண்டாமென்று விட்டுப்போனது. அதற்கும் எல்லாச் சோதனைகளும் நடந்தன. கோடு எழவில்லை. வந்தவருடைய லைனரையும் அளந்து, இடைவெளி எல்லைக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, புது ரிங்குகளோடு போட்டுக் கொடுத்தார். "அறுப்பு வரைக்கும் ஓடும். பகல்ல நாலு மணி நேரம், ராத்திரி நாலு மணி நேரம். நடுவுல ஆற விடு. அறுப்பு முடிஞ்சதும் செட்டு மாத்திரணும்" என்றார்.

அவர் விதித்த அந்த வரம்புகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பிஸ்டன் தகுதியானதா என்ற கேள்விக்குத் தனியே விடை கிடையாது. எந்த லைனரில், எவ்வளவு பாரத்தில், எத்தனை நாளைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் உண்டு. நாள் முழுக்க முழுப் பாரத்தில் ஓடும் எஞ்சினுக்கு அதே பிஸ்டனை மாமா போட்டிருக்க மாட்டார்.

புத்தகங்களைப் பற்றி எழுதுகிற நாம் 'தேறாது' என்று எளிதில் எழுதிவிடுகிறோம். நிராகரிப்புக்கு யாரும் வந்து கணக்குக் கேட்பதில்லை. 'போடலாம்' என்பது ஒரு வாக்கு. அந்த எஞ்சின் அறுப்பு வரை ஓடியது. அதுவரை, யாரும் அழைக்காமலே, மாமா வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் அந்த வயலுக்குப் போய்ப் புகையின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.